சி.டி. பிளேயர் பாடவில்லையா? முதலில் கணக்கைச் சரிபாருங்கள்!



விடியற்காலை நான்கு மணிக்குக் கோயம்பேடு, ஆறு மணிக்குக் கடை திறப்பு, இரவு பத்தரைக்கு ஷட்டர் இறக்கம் என்று ஓடிக்கொண்டிருக்கும் நமக்கு, சாப்பிட்டு முடித்த பிறகு கிடைக்கும் அரை மணி நேரம்தான் சொந்த நேரம். அந்த நேரத்தில் ஒரு நல்ல பாட்டைக் கேட்டுவிட்டுப் படுத்தால் அன்றைய அலுப்பில் பாதி தீர்ந்துவிடும். இப்போது கைபேசியிலேயே எல்லாப் பாட்டும் வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் நம் வீடுகள் பலவற்றில் பரணிலும் ஷோகேசிலும் பழைய சி.டி. பிளேயர்கள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த, விலை உயர்ந்த, கனமான பெட்டிகளும் அவற்றில் உண்டு. மாரண்ட்ஸ், டெனான், யமஹா போன்ற நிறுவனங்கள் இன்றும் புதிய சி.டி. பிளேயர்களை விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆசைப்பட்டு எடுத்து வைத்தால் சில நேரம் பெட்டி பாடுவதில்லை. "ஹெட் போச்சு" என்ற ஒரே சொல்லில் ஆயிரக்கணக்கில் பணம் போகிறது. அந்தச் செலவு பல சமயம் தேவையே இல்லாதது. அதை எப்படித் தவிர்ப்பது என்பதை, சமீபத்தில் நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்கிறோம்.

அம்பத்தூர் அண்ணாச்சிக்கு வந்த சோதனை

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் நமக்கு நீண்ட நாள் பழக்கம். 1964-இல் தொழிற்பேட்டை தொடங்கி, வேலைக்கு ஆட்கள் வந்து குடியேறிய காலத்தில் அவருடைய தந்தையார் தெற்கிலிருந்து வந்து ஆரம்பித்த கடை அது. தந்தையார் இப்போது இல்லை. கடையின் வெள்ளி விழாவில் அவர் பேசிய பேச்சும், அன்று நடந்த நாதஸ்வரக் கச்சேரியும் ஒரு கேசட்டில் பதிவாகியிருந்தன. பிற்பாடு அதை ஒரு குறுந்தகட்டில் ஏற்றி வைத்தார்கள். கேசட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. மிஞ்சியது அந்த ஒரு தகடுதான்.

அண்ணாச்சியின் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது, தாம் ஆசையாக வைத்திருந்த உயர்தர சி.டி. பிளேயரை அவருக்குக் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி அதை வீட்டு ஆம்ப்ளிபயரோடு இணைத்து, கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுத் தகடு ஒன்றைப் போட்டார். சத்தமே வரவில்லை. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போனார். போகும்போது கையில் எடுத்துப் போனது அப்பா பேசிய தகடு ஒன்றை மட்டும். அங்கே அதைப் போட்டால், தகடே இல்லை என்று பெட்டி காட்டியது. "அண்ணாச்சி, லேசர் ஹெட் அவுட். ஏழாயிரம் ஆவும். பழைய மாடல், பார்ட்டு கிடைக்கறதே கஷ்டம்" என்று சொல்லிவிட்டார்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் அண்ணாச்சி நமக்குப் போன் செய்தார். "ஏழாயிரம் போனா போகட்டும். அப்பா குரல் திரும்ப வருமா, அதச் சொல்லுங்க" என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அன்று இரவே போய்ப் பார்த்தோம்.

கல்லாவில் ஐநூறு ரூபாய் குறைந்தால் நாம் என்ன செய்வோம்? எடுத்த எடுப்பிலேயே கடைப் பையன் மீது பழி போடுவோமா? முதலில் சீட்டுகளைப் பார்ப்போம். கடன் நோட்டைப் பார்ப்போம். சரக்கு இறக்கிய வண்டிக்குக் கொடுத்த கூலியை எழுத மறந்தோமா என்று யோசிப்போம். எல்லாம் பார்த்த பிறகுதான் ஆளைச் சந்தேகிப்போம். சி.டி. பிளேயருக்கும் இதே முறைதான். லேசர் ஹெட் என்பது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய ஆள். அதற்கு முன்னால் செலவில்லாமல் பார்க்க வேண்டியவை ஐந்தாறு உண்டு.

இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது?

குறுந்தகட்டை உருவாக்கியவை ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும். 1979 மார்ச் மாதம் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் தன் மாதிரிக் கருவியைக் காட்டியது. 1980-இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து அளவுகளை வகுத்தன. 1982 அக்டோபர் 1 அன்று சோனியின் முதல் பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். தகட்டின் விட்டம் 12 செ.மீ., பாடும் நேரம் சுமார் 74 நிமிடம், நடுத் துளை 15 மி.மீ. அக்காலத்து ஹாலந்து பத்து சென்ட் நாணயத்தின் அளவும் இதே 15 மி.மீ.தான் என்பது காசைக் கையில் எண்ணும் நமக்குச் சுவையான செய்தி.

தகட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பள்ளங்கள் ஒரே சுருளாக ஓடுகின்றன. சுருளை நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். அம்பத்தூரிலிருந்து புறப்பட்டுத் திருமுல்லைவாயிலைத் தாண்டிவிடலாம். பழைய கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே பாடும். குறுந்தகடு உள்ளிருந்து வெளியே பாடும். உட்பகுதியைப் படிக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றும், விளிம்புக்கு வரும்போது சுமார் 200 சுற்றும் சுற்றும். மொத்தம் எத்தனை பாட்டு, எத்தனை நிமிடம் என்ற பட்டியல் நடுத் துளைக்கு அருகில் பதிவாகியிருக்கும். பெட்டி முதலில் படிப்பது அந்தப் பட்டியலைத்தான். அதைப் படிக்க முடியாவிட்டால், தகடு இல்லை என்று அறிவித்துவிடும்.

தூசியும் கீறலும் இருந்தாலும் பாட்டு தடங்காமல் வருவது எப்படி? நம் கடைச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் எண்ணெய் பட்டு எழுத்து அழிந்துபோனாலும், அடியில் உள்ள கூட்டுத் தொகையிலிருந்து மற்ற வரிகளைக் கழித்து, விட்டுப்போன தொகையைக் கண்டுபிடித்துவிடுகிறோம். அது போலவே பாட்டின் எண்களோடு சில சரிபார்ப்பு எண்களையும் சேர்த்துப் பதிந்திருக்கிறார்கள். போதாததற்கு, ஒரே சரக்கைப் பல லாரிகளில் பிரித்து ஏற்றுவது போல, எண்களை அடுத்தடுத்து வைக்காமல் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஒரு லாரி கவிழ்ந்தாலும் முழுச் சரக்கும் போய்விடாது. சுமார் இரண்டரை மி.மீ. நீளத்துக்குப் பதிவு மறைந்தாலும் பெட்டி அதைக் கணக்குப் போட்டு ஈடு செய்துவிடும். அதற்கு மேல் போனால்தான் பாட்டு துள்ளும், நிற்கும்.

முதலில் கரண்ட்

பிளக்கைச் சொருகுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பெட்டியின் பின்பக்கத்திலோ அடியிலோ உள்ள சீட்டைப் படியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். சிங்கப்பூரிலிருந்து வரும் பெட்டிகளும் அதற்குரியவை, கவலையில்லை. அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். சவூதியில் முன்பு பல வீடுகளில் 127 வோல்ட் இருந்தது. இந்த ஊர்ப் பெட்டிகளை நம் சுவரில் நேரே சொருகினால் ஒரு நொடியில் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. இதை அறியாமல் நல்ல பெட்டியைப் புகைய விட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

சில பெட்டிகளின் பின்னால் வோல்ட் மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கும். அது இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்க வேண்டும். சி.டி. பிளேயர் இழுக்கும் மின்சாரம் குறைவு. பெரும்பாலும் 10 முதல் 30 வாட்தான். எனவே 100 வாட் டிரான்ஸ்பார்மர் தாராளமாகப் போதும். அதே டிரான்ஸ்பார்மரில் வெளிநாட்டு ஆம்ப்ளிபயரையும் மாட்டிவிடக் கூடாது. ஆம்ப்ளிபயருக்குப் பல மடங்கு வேண்டும். அங்கே மின்சாரம் 60 சைக்கிள், இங்கே 50 சைக்கிள் என்று பாட்டின் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சி.டி. பிளேயரின் வேகத்தை உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பார்த்துக்கொள்கிறது.

கடை இன்வெர்ட்டரிலிருந்தே வீட்டுக்கும் லைன் இழுத்திருப்பவர்கள் கவனிக்கவும். மலிவான இன்வெர்ட்டர்கள் சிலவற்றில் வரும் சதுர அலை மின்சாரத்தில் டிரான்ஸ்பார்மர் உறுமும். கரண்ட் நிற்கும் நேரத்தில் மட்டும் உறுமல் வந்தால், குற்றம் பெட்டியுடையது அன்று.

அடியில் ஒரு திருகு

பழைய உயர்தரப் பெட்டிகள் பலவற்றில், பயணத்தின்போது உள் பாகம் ஆடாமலிருக்க அடிப்பக்கம் ஒன்றிரண்டு பூட்டுத் திருகுகள் இருக்கும். பெரும்பாலும் சிவப்பு வண்ணத்தில் அல்லது ஒரு சீட்டுடன் இருக்கும். பெட்டியை வைத்தவுடன் இவற்றைத் தளர்த்த வேண்டும். மறந்தால் தகடு சரியாகச் சுற்றாது, அல்லது பாட்டு ஓயாமல் துள்ளும். இந்தத் திருகுக்காகவே பழுது பார்க்கும் கடைக்குப் போய்வந்த பெட்டிகள் உண்டு. வீடு மாறும்போது மறுபடி முடுக்கிவிட வேண்டும். எனவே திருகைத் தொலைத்துவிடாதீர்கள்.

பின்பக்கத் துளைகள்

விலை கூடக் கூடப் பெட்டியின் பின்னால் துளைகளும் கூடும். தப்பாகச் சொருகும் வாய்ப்பும் கூடும். அண்ணாச்சி வீட்டில் நடந்ததும் இதுதான்.

நமக்கு வேண்டியது லைன் அவுட் அல்லது அனலாக் அவுட் என்று எழுதிய ஜோடித் துளைகள். சிவப்பு வலது பக்கத்துக்கு, வெள்ளை இடது பக்கத்துக்கு. வெள்ளைக்குப் பதில் கறுப்பும் இருக்கலாம். இதன் பக்கத்திலேயே டிஜிட்டல் அவுட் என்று அதே வடிவத்தில் ஒற்றைத் துளை இருக்கும். அதிலிருந்து வருவது பாட்டல்ல, பாட்டின் எண்கள். அந்த எண்களைப் பாட்டாக மாற்றும் வசதி ஆம்ப்ளிபயரிலோ தனிக் கருவியிலோ இருந்தால்தான் அது பயன்படும். அதற்கென்று 75 ஓம் கேபிள் தனியாக உண்டு. சாதாரண ஆம்ப்ளிபயரில் அதை மாட்டினால் சத்தமே வராது, அல்லது கரகரவென்று இரைச்சல் வரும்.

ஒளி இழை வழியாகச் செல்லும் டிஜிட்டல் துளை இன்னொன்று. அதில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைக் கழற்றிவிட்டுத்தான் சொருக வேண்டும். அந்த ஒயரை மடக்கினால் உள்ளே இழை முறிந்துவிடும். மூன்று முனை கொண்ட பெரிய வட்டத் துளைகளும் சில பெட்டிகளில் உண்டு. ஆம்ப்ளிபயரிலும் அதே வகைத் துளை இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஆம்ப்ளிபயர் பக்கத்தில் சி.டி., ஆக்ஸ், டேப் என்று எழுதிய எந்த இன்புட்டிலும் சொருகலாம். போனோ என்று எழுதியதில் மட்டும் சொருகக் கூடாது. அது கிராமபோன் தட்டுக்கு உரியது. கிராமபோன் முள்ளிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே, சி.டி. பிளேயரிலிருந்து வருவதோ சுமார் 2 வோல்ட். அரைக்கால் கிலோ நிறுக்கும் தராசில் அரிசி மூட்டையை வைத்த கதையாகிவிடும். சத்தம் காது கிழியும், ஸ்பீக்கருக்கும் கேடு.

ஒயர்களை மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டு பெட்டிகளும் அணைந்திருக்க வேண்டும். பாட வைக்கும்போது முதலில் பிளேயரைப் போட்டு, கடைசியில் ஆம்ப்ளிபயரைப் போடுங்கள். நிறுத்தும்போது முதலில் ஆம்ப்ளிபயரை அணையுங்கள். இதனால் ஸ்பீக்கரில் 'டப்' என்ற அதிர்ச்சி இராது.

நேரம் ஓடுகிறதா?

அண்ணாச்சி வீட்டில் நாம் செய்த முதல் காரியம், சினிமாப் பாட்டுத் தகட்டைப் போட்டுவிட்டு முன்பக்க எண்களைப் பார்த்ததுதான். முதல் பாட்டு, ஐந்து விநாடி, ஆறு விநாடி, ஏழு விநாடி என்று நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

இது மிக முக்கியமான அடையாளம். நேரம் ஓடுகிறது என்றால் தகடு சுற்றுகிறது, லேசர் படிக்கிறது என்று பொருள். படிக்காத லேசருக்கு எத்தனையாவது விநாடி என்பது தெரியவே தெரியாது. ஆகவே குற்றம் அதற்குப் பிறகு உள்ள வழியில்தான். ஒயரைப் பார்த்தோம். ஒரு முனை டிஜிட்டல் அவுட்டில் இருந்தது. கழற்றி லைன் அவுட்டில் சொருகியதும் பாட்டு கணீரென்று வந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

நேரம் ஓடியும் சத்தம் இல்லாவிட்டால் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறோம்:

1. ஆம்ப்ளிபயரின் இன்புட் குமிழ் சரியான இடத்தில் இருக்கிறதா? டேப் மானிட்டர் என்ற பொத்தான் அழுந்தியிருக்கிறதா?

2. ஸ்பீக்கர் பொத்தான் போடப்பட்டிருக்கிறதா? ஹெட்போன் சொருகியபடி இருக்கிறதா?

3. பிளேயரில் வேரியபிள் என்ற இரண்டாவது ஜோடித் துளை இருந்து, அதில் ஒயர் இருந்தால், பிளேயரின் ரிமோட்டிலேயே ஒலி அளவு குறைக்கப்பட்டிருக்கலாம்.

4. அதே ஒயரில், அதே இன்புட்டில் கைபேசியையோ டி.வி.டி. பிளேயரையோ மாட்டிப் பாருங்கள். அதுவும் பாடவில்லை என்றால் பிளேயர் நிரபராதி.

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடவில்லையா? பிளேயர் பக்கத்தில் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். ஊமைப் பக்கம் மாறினால் குற்றம் பிளேயரில். மாறாமல் அதே ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் குற்றம் ஒயரில், ஆம்ப்ளிபயரில் அல்லது ஸ்பீக்கரில். அடுத்து பிளேயர் பக்கத்தைப் பழையபடி வைத்துவிட்டு, ஆம்ப்ளிபயர் பக்கத்தில் மாற்றிச் சொருகுங்கள். இப்போது ஊமை இடம் மாறினால் ஒயரில் குற்றம். ஒயர் விலை கொஞ்சம்தான்.

'உம்' என்ற இரைச்சல் விடாமல் வருகிறதா? பிளேயர், ஆம்ப்ளிபயர் இரண்டையும் ஒரே சுவிட்ச் போர்டில் சொருகுங்கள். கேபிள் டி.வி. ஒயர் இதே ஆம்ப்ளிபயரோடு சேர்ந்திருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சலைப் போக்க எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்து. ஒருபோதும் செய்யாதீர்கள்.

தகடா? பெட்டியா?

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. அடுத்து அப்பா பேசிய தகட்டைப் போட்டார். தகடு இல்லை என்று பெட்டி மறுபடியும் காட்டியது. மலர்ந்த முகம் வாடிவிட்டது. "அப்போ அவங்க சொன்னது சரிதானே, ஹெட்தானே போயிருக்கு?" என்றார்.

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு தகட்டை வைத்துக்கொண்டு பெட்டியைத் தீர்மானிக்கக் கூடாது. வேறுவேறு தகடுகள் மூன்றாவது போட்டுப் பார்க்க வேண்டும். அவற்றுள் ஒன்றாவது கம்பெனி அச்சிட்ட, கீறலில்லாத தகடாக இருக்க வேண்டும். மூன்று சினிமாத் தகடுகள் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒழுங்காகப் பாடின. ஆகவே பெட்டி நல்ல பெட்டி, தகட்டில்தான் கோளாறு. பழுது பார்த்தவர் ஏமாற்றினார் என்று நாம் சொல்லவில்லை. அவரிடம் போனது ஒரு தகடு, அது படிக்கவில்லை, அவர் லேசரைச் சொன்னார். வீட்டில் ஒயர் கோளாறு, கடையில் தகட்டுக் கோளாறு. இரண்டு சிறு பிழைகள் சேர்ந்து ஒரு பெரிய பழுதாகத் தோன்றிவிட்டன. பேரேட்டில் இரண்டு பதிவுகள் தப்பினால் ஐந்தொகை இடிக்குமே, அது போலத்தான்.

மற்ற அறிகுறிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்:

எப்போதும் ஒரே தகட்டில், ஒரே இடத்தில் துள்ளினால் தகட்டில் கீறல் அல்லது அழுக்கு.

எல்லாத் தகடுகளிலும் துள்ளினால் லென்ஸில் தூசி. பூட்டுத் திருகையும் ஒரு முறை பாருங்கள்.

எல்லாத் தகடுகளிலும் முதல் பாட்டுகள் நன்றாக இருந்து கடைசிப் பாட்டுகளில் மட்டும் தடுமாறினால், லேசர் நகரும் தண்டவாளத்தில் அழுக்கோ இறுகிய கிரீஸோ இருக்கலாம்.

தட்டு வெளியே வராமல் உறுமினால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். வயதான பெட்டிகளில் இது சகஜம். பெல்ட் மலிவான பொருள்.

அரை மணி நேரம் நன்றாகப் பாடி, சூடேறிய பின் தடுமாறினால் மட்டும் தேர்ந்த டெக்னீஷியனிடம் காட்டுங்கள். அப்போது லேசரைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு.

மிளகாய்த்தூளும் லென்ஸும்

நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. மிளகாய், மல்லி, மஞ்சள் தூள், கோதுமை மாவு, சாக்கு உதறும் தூசி எல்லாம் மாடிக்கு ஏறும். சாம்பிராணி, கொசுவர்த்திப் புகையும் சேரும். இவை லென்ஸின் மேல் மெல்லிய படலமாகப் படியும். எனவே மாவு மில், மசாலா அரைக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் பெட்டிக்கு ஒரு துணி உறை தைத்து வையுங்கள். பாடும்போது உறையை எடுத்துவிட வேண்டும். ஆம்ப்ளிபயரின் தலைமேல் பிளேயரை வைக்காதீர்கள், சூடு ஆகாது. ஏ.சி. அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஈரம் பூக்கும். ஒரு மணி நேரம் பொறுத்துப் போடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் நம் பகுதி பட்ட பாடு யாவரும் அறிந்ததே. தண்ணீரில் நனைந்த எந்தப் பெட்டியையும் பாடுகிறதா பார்ப்போம் என்று சொருகிவிடாதீர்கள். திறந்து, கழுவி, உலர்த்தி, டெக்னீஷியன் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மேல் மூடியை நீங்களே திறக்க வேண்டாம். உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை. லென்ஸை உற்றுப் பார்த்தால், ஒளி தெரியாமலேயே கண்ணுக்குக் கெடுதல் செய்யும். டெக்னீஷியனிடம் கொடுக்கும்போது, முதலில் லென்ஸைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசரின் பலத்தைக் கூட்டுகிறேன் என்று உள்ளே இருக்கும் திருகைத் திருப்ப அனுமதிக்காதீர்கள். சில நாள் பாடும், பிறகு அடியோடு போய்விடும். ஹெட் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், தொகையை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய ஹெட்டையும் கேட்டு வாங்குங்கள். ஹெட்டுகளில் போலிகள் ஏராளம். ரிச்சி தெருவில் அலைந்து வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். சரக்கு வாங்குவதில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

தகட்டைக் காப்பது எப்படி?

தகட்டின் பளபளப்பான பக்கம்தான் மென்மையானது என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. பாட்டைத் தாங்கும் அலுமினியப் பூச்சு, எழுத்து அச்சிட்ட பக்கத்துக்குச் சற்றே கீழே இருக்கிறது. பளபளப்பான பக்கத்தில் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. ஆகவே பளபளப்பான பக்கத்தின் சிறு கீறலைப் பெட்டி சமாளிக்கும். அச்சுப் பக்கத்தில் பூச்சு உரிந்தால் பாட்டு போனது போனதுதான். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவதும், விலைச் சீட்டு ஒட்டுவது போல ஸ்டிக்கர் ஒட்டுவதும் கூடாது. துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். தேவைப்பட்டால் தண்ணீரும் துளி சோப்பும் போதும். தின்னர், பெட்ரோல் கூடவே கூடாது.

வீட்டில் அல்லது ஸ்டூடியோவில் பதிந்த தகடு வேறு ஜாதி. அதில் பள்ளங்கள் இல்லை. சாயப் பூச்சில்தான் பதிவு இருக்கிறது. வெயில் பட்டால் சாயம் வெளிறும். பழைய பிளேயர்கள் பல இவற்றைப் படிக்கத் தடுமாறும். அண்ணாச்சியின் தகடு சாமி அலமாரிக்குப் பக்கத்தில், ஜன்னல் வெயில் விழும் இடத்தில் பல வருடங்கள் இருந்திருக்கிறது. மேலே காகித லேபிளும் ஒட்டியிருந்தது; அதன் ஓரம் சுருண்டு எழும்பியிருந்தது. லேபிளை உரிக்கலாமா என்று அண்ணாச்சி கேட்டார். கூடாது என்று தடுத்தோம். உரித்தால் பூச்சும் கூடவே வந்துவிடும்.

தகட்டை மெதுவாகத் துடைத்து, பேரன் வைத்திருந்த கம்ப்யூட்டரில் போட்டோம். கம்ப்யூட்டர் படிக்க முடியாத இடத்தை மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் பதிந்திருந்த பேச்சு முழுவதும் வந்துவிட்டது. நாதஸ்வரத்தில் பாதிக்கு மேல் வரவில்லை. விளிம்புப் பகுதி வெளிறிப் போயிருந்தது. அது போனது போனதுதான்.

பெரியவர் பேச்சில் பெரிய விஷயம் எதுவும் இல்லை. முதல் வருடம் கடனுக்குச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரிக்கு நன்றி சொன்னார். ஷிப்டு முடிந்து இரவில் வந்த தொழிலாளிகளுக்காகக் கடையை மூடாமல் வைத்திருந்ததைச் சொன்னார். நடுவில் ஒரு முறை இருமிக்கொண்டார். அந்த இருமலைக் கேட்டதும்தான் அண்ணாச்சியின் தாயார் சமையலறையிலிருந்து வெளியே வந்து நின்றார்.

அன்றிரவே அதைப் பென்டிரைவ் ஒன்றிலும், கம்ப்யூட்டரிலும், மைத்துனர் வீட்டிலுமாக மூன்று இடங்களில் பிரதி எடுத்து வைத்தோம். உறுப்பினர்களுக்கு நாம் சொல்வதும் அதுவே. திருமணம், கடை திறப்பு விழா, பெரியோர் பேச்சு எதுவாக இருந்தாலும், வீட்டில் பதிந்த தகடு இருந்தால் இந்த வாரமே பிரதி எடுத்துவிடுங்கள். ஆயுத பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். கம்பெனித் தகட்டை மறுபடி வாங்கிவிடலாம். இதை எந்த மொத்த வியாபாரியிடமும் வாங்க முடியாது.

பெட்டி பாடவில்லை என்றால் வரிசை மறவாதீர்கள்: கரண்ட், திருகு, நேரம் ஓடுகிறதா, ஒயர், ஆம்ப்ளிபயர் பொத்தான், மூன்று தகடுகள், பிறகு லென்ஸ். கடைசியில்தான் லேசர் ஹெட். ஆவடி, திருமுல்லைவாயில், பூந்தமல்லி வட்டார உறுப்பினர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டால் மகிழ்வோம்.